மீதிப் பாதி

எங்கள் எஸ்டேட்டில் ஈஸ்டர் பண்டிகையை யாரும் ஈஸ்டர் என்று சொன்னதில்லை. கதவுதட்டு என்றுதான் சொல்வார்கள். "கதவுதட்டுக்கு அண்ணன் வீட்டுக்காரங்க வர்றாங்க", "கல்யாணப் பேச்சைக் கதவுதட்டு முடிஞ்சு வச்சுக்கலாம்" என்று பேச்சு நடக்கும். புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது.

லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கி, ரப்பர் காட்டுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில் கால் வலிக்க நடந்தால், கூலியாட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயங்கள் தெரியும். பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். கிறிஸ்தவர்களான எங்களை வேதக்காரர்கள் என்பார்கள். லயத்துக்கு இரண்டு மூன்று வீடு என்று சிதறிக் கிடந்தோம். சண்டைக்கும் சேர்க்கைக்கும் குறைவில்லாமல் எல்லாருமாகத்தான் இருந்தோம்.

கதவுதட்டு நடப்பது இப்படி. பொழுது விடியுமுன், வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் கூடுவதற்கு முன்னால், ஒருவர் வந்து வேதக்கார வீட்டுக் கதவைத் தட்டுவார். தட்டிவிட்டு, "நம்ம ராஜா எழுந்துட்டாரு" என்பார். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்கும் முன்பே, "மெய்யாத்தான் எழுந்துட்டாரு" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகுதான் கதவு திறக்கும். அந்த வீட்டார் வெளியே வந்து கூட்டத்தோடு சேர்ந்து அடுத்த வீட்டுக்குப் போவார்கள். கடைசி வீடு வரும்போது எல்லாரும் சேர்ந்திருப்போம். அப்படியே காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கல்லறைகளுக்குப் போய், சூரியன் வரும் வரை அங்கே நின்று பாடுவோம்.

இதற்கு இரண்டு சட்டம் உண்டு. அந்த வருஷம் எந்த வீட்டில் சாவு விழுந்ததோ அந்த வீட்டை முதலில் தட்ட வேண்டும். இது ஒன்று. தட்டி, உள்ளேயிருந்து பதில் வரவில்லை என்றால் திட்டிவிட்டுப் போகக்கூடாது. தட்டினவர்களே அந்த வீட்டுக்காகப் பதிலையும் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். இது இரண்டாவது.

இதையெல்லாம் ஏற்படுத்தியவர் எங்கள் பழைய உபதேசியார். அவர் சிங்கப்பூருக்குப் போன இடத்தில் ஜப்பான் சண்டை வந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு முதல் லயத்து அக்காதான் தட்டுகிறவர். புருஷனை இழந்தவர். ரப்பர் பால் வெட்டுகிற காட்டில் அந்தக் கோடியிலிருந்து அவர் கூப்பிட்டால் இந்தக் கோடியில் இருக்கிறவள் வாளியைக் கீழே வைத்துவிடுவாள், அப்படிக் குரல். பதில் சொல்லாத வீடுகளைப் பற்றி யாராவது குறை பேசினால், "தூங்குறவங்களுக்கும் சேத்துத்தானே எழுந்தாரு, நீ ஏன் அலட்டிக்கிற" என்பார். அவர் சொன்னவற்றையெல்லாம் நான் மனதில் சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவாக வாய்க்கவில்லை. அக்கா மாதிரி ஆட்கள் வாயைத் திறந்தபோதெல்லாம் நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் வந்ததும் முதலில் மாறியது கடிகாரம். அவன் ஊர் நேரத்தை இங்கே கொண்டுவந்து வைத்தான். கடிகாரம் விடிந்துவிட்டது என்று சொல்லும், வெளியே பார்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். இருட்டிலேயே பெரட்டு. சேவல் மட்டும் பழைய நேரத்துக்கே கூவியது. "அதுக்கு ஜப்பான் பாஷை இன்னும் வரலை" என்றார் அக்கா. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணி போய்ச் சாக்கு வந்தது. ரப்பர் வாங்க ஆளில்லை என்று பாதிக் காட்டை அழித்துக் கிழங்கு நடவைத்தார்கள். ஜெபவீட்டில் உப்பு மூட்டை அடுக்கி, பூட்டுப் போட்டார்கள்.

தினமும் பெரட்டில் எல்லாரும் சூரியன் வரும் திசையைப் பார்த்து இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். அந்தத் திசையில் அவர்கள் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கிறதாம். எங்கள் கல்லறைகள் இருப்பதும் அதே திசைதான். புதைக்கும்போது காலைக் கிழக்கே வைத்துத்தான் புதைப்போம், ஆண்டவர் வரும் அன்று எழுந்தால் நேரே அவர் முகத்தைப் பார்க்கட்டும் என்று. என் வீட்டுக்காரர் ஒரு தரம் என்னிடம் சொன்னார்: "நான் நம்ம ஆளுங்களைப் பாத்துத்தான் குனியிறேன். அவன் என்னத்தையோ நெனச்சுக்கட்டும்."

என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஆள். யாரோடும் மோதமாட்டார். ரப்பர் ஸ்டோரில் புகைக்கூடத்து வேலை. பால் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு, விறகுப் புகை போட்டு, இரவும் பகலும் அந்தச் சூட்டிலேயே நின்று பழகியவர். சட்டையில், தலைமுடியில், பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையின் மேலும் அந்தப் புகை வாசம் ஒட்டியிருக்கும். குரலே வராது. "உன் புருசன் பேசினா கோழிகூடத் திரும்பிப் பாக்காது" என்று அக்கா கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

எங்களுக்கு ஒரே பெண்பிள்ளை. பேச்சு அப்போதுதான் திருந்தி வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் கதவுதட்டுக்குச் சற்று முன்னால் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. கொய்னா மாத்திரை எல்லாம் பட்டாளத்துக்கு என்றார்கள். பிள்ளை குளிரில் நடுங்கும்போது எங்கள் இரண்டு பேருடைய சாக்கையும் போட்டுப் போர்த்தினோம். நடுக்கம் நிற்கவில்லை. பிறகு நின்றது.

ஸ்டோரில் ரப்பர் அனுப்புகிற பலகைப் பெட்டிகள் வேலையில்லாமல் கிடந்தன. அதில் ஒன்றைப் பிரித்து அவரே சின்னப் பெட்டி செய்தார். பலகையில் எஸ்டேட் முத்திரை கறுப்பாக அச்சடித்திருந்தது. அதை இழைத்து எடுத்துவிட ரொம்ப நேரம் பாடுபட்டார். "சரக்கு மாதிரி அனுப்ப வேணாம்" என்று மட்டும் சொன்னார். காலைக் கிழக்கே வைத்துப் புதைத்தோம்.

அதற்குப் பிறகு என் வாய் மூடிக்கொண்டது. கேட்டதற்குப் பதில் சொல்வேன், கிழங்கு வேகவைப்பேன், பெரட்டுக்குப் போவேன். ஜெபம் என்று உட்கார்ந்தால் நாக்கு மண்ணாகிவிடும். அவர் என்னை வற்புறுத்தவில்லை. அவர் பாட்டுக்கு மூலையில் முழங்கால் போட்டுவிட்டு எழுந்துபோவார்.

கதவுதட்டு வந்தது. சாவு வீடு என்று எங்கள் வீட்டைத்தான் முதலில் தட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். பலகைக் கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போயிருந்தார். தட்டும் சத்தம் கேட்டது. அக்காவின் குரல் அன்றைக்கு வழக்கம்போல் இல்லை, தணிந்திருந்தது.

"நம்ம ராஜா எழுந்துட்டாரு, தங்கச்சி."

நான் பேசவில்லை. அவர்கள் நின்றார்கள். இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இனி சட்டப்படி அவர்களே எனக்காகப் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். அதற்குள் குழாயடிப் பக்கமிருந்து ஒரு குரல், லயம் முழுக்கக் கேட்கும்படி, "மெய்யாத்தான் எழுந்துட்டாரு. திரும்பவும் வருவாரு" என்றது.

யார் குரல் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர்தான். கையில் தண்ணீர் வாளி. அக்காகூட மிரண்டுபோய்த் திரும்பிப் பார்த்தாராம். கோழி திரும்பிப் பார்த்ததா என்று யாரும் கேலி செய்யவில்லை. அவர் கேட்கவைக்க நினைத்தது என்னை ஒருத்தியைத்தான். ஆனால் குழாயடியில் மண்டோரும் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

மண்டோர் என்றால் வேலை வாங்குகிறவர். பழைய மண்டோர் போய், வேறு எஸ்டேட்டிலிருந்து வந்த புது ஆள். எங்கள் கதவுதட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ராஜா என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே ராஜாதான். சண்டைக்கு முன்னால் வெள்ளைக்கார ராஜாவின் பிறந்தநாளுக்கு எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள், கொடி ஏற்றுவார்கள். அந்த ராஜா. இருட்டில் ஆட்கள் வீடு வீடாகப் போய், ராஜா எழுந்துவிட்டார், திரும்பவும் வருவார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் அந்த மனிதர் என்னதான் நினைப்பார்? வெள்ளைக்காரன் திரும்பி வருவான் என்று யாராவது பேசுவது காதில் விழுந்து, சொல்லாமல் இருந்தால் கேட்டவன் தலையும் போகும் என்று அப்போது உத்தரவு. ஆபீசில் போய் மலாயில் சொல்லிவிட்டார். சொன்னதில் ஒரு வார்த்தை 'பங்கிட்'. மலாயில் அதற்கும் எழுவது என்றுதான் அர்த்தம். ஆனால் சண்டைக்குக் கிளம்பி எழுவதற்கும் அதே வார்த்தைதான்.

இரண்டொரு நாளில், பொழுது சாயும் நேரம் கிராணி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கிறவர் லயத்துக்குள் வருவது பெரிய விஷயம். உள்ளே உட்காரச் சொன்னோம். வாசலிலேயே நின்றார்.

"தம்பி, நாளைக்குப் பெரட்டுல ஜப்பான் ஆபீசர் வர்றான். உன்னைத்தான் கேக்கப்போறான். உங்க ராஜா யாரு, உசுரோட இருக்காரா செத்துட்டாரான்னு கேப்பான். நீ செத்துட்டாருன்னு சொல்லிரு. முடிஞ்சுது."

இவர் கிராணியின் முகத்தைப் பார்த்தார்.

"பொய் சொல்லச் சொல்லல லா. உங்க வேதத்துல செத்தாருன்னுதானே இருக்கு? சிலுவை, ஆணி எல்லாம் இருக்குல்ல? நானும் கேட்டிருக்கேன். அதைச் சொல்லு. அதுக்கு மேல அவன் கேக்கமாட்டான்."

"சரிங்க ஐயா. பாக்குறேன்."

"பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. சயாமுக்கு ஆள் கேட்டு இருக்கான். யாரை அனுப்பலாம்னுதான் அவன் கண்ணு சுத்துது. ஞாபகம் வச்சுக்க."

சயாம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். ரயில் பாதை போட என்று லாயாங் லாயாங் ஸ்டேஷனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

கிராணி போனதும் நான் பேசினேன். பிள்ளை போனதற்குப் பிறகு நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"ஏங்க, அவரு சொல்றது நியாயந்தானே? செத்தாருங்கிறது உண்மைதானே? அந்தப் பாதியை மட்டும் சொல்லுங்க. மீதிப் பாதியை வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லுங்க. நான் கேட்டுக்குறேன்."

அவர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"தினமும் அவன் அரண்மனையைப் பாத்துக் குனியிறீங்க. அப்ப ஒண்ணுமில்ல. இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"குனியிறது முதுகு. நாளைக்கு அவன் கேக்குறது வேற."

"என்ன வேற? எனக்கு நீங்க வேணும். வேற என்ன இருக்கு எனக்கு இந்த வீட்டுல?"

அதற்கு அவர் கோபப்படவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு, எப்போதும்போல் சத்தமில்லாமல் சொன்னார்:

"நம்ம புள்ள அந்த மீதிப் பாதியிலதான் இருக்கா."

நான் அவரைச் சொல்லச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. பெண்டாட்டி வேறு எதைச் சொல்வாள்? ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்துபோய் அவருக்குக் கிழங்கை எடுத்து வைத்தேன்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிற்கவைத்தார்கள். ஆபீசர் குட்டை மனிதன். முகத்தில் கோபம்கூட இல்லை, வேலை முடிந்தால் போகலாம் என்று பார்க்கிறவன் மாதிரி இருந்தான். அவனுக்கு மலாய் அரைகுறையாகத் தெரியும். பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள், கிராணி, தள்ளி மண்டோர். என் வீட்டுக்காரரை முன்னால் கூப்பிட்டார்கள். பெண்கள் வரிசையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்டேட் மலாய் எங்கள் எல்லாருக்கும் புரியும், அதனால் ஒரு வார்த்தைகூடத் தவறாமல் எனக்குக் கேட்டது.

உன் ராஜா செத்தானா, உயிரோடு இருக்கிறானா என்று ஆபீசர் கேட்டான். "மாத்தி? ஹீடுப்?"

"மாத்தி, துவான்." செத்தார், ஐயா.

அவ்வளவுதான். கிராணி மூச்சை விட்டார், இங்கே எனக்குத் தெரிந்தது. ஆபீசர் அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டான். நான் மனதுக்குள், போதும், வரிசைக்கு வந்துருங்க, வந்துருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நகரவில்லை.

"துவான்" என்றார். ஆபீசர் திரும்பினான். "செத்தார். ஆனால் மறுபடியும் உயிரோடு இருக்கிறார்" என்று மலாயில் சொன்னார்.

கிராணி சட்டென்று நடுவில் வந்தார். நல்ல மனிதர், அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். "பாங்குன், துவான், பாங்குன்" என்று இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தூங்குவது மாதிரி காட்டி, கண்ணைத் திறந்து சோம்பல் முறித்தார். அது தூக்கத்திலிருந்து எழுவதற்குச் சொல்லும் வார்த்தை. இவன் சொல்வது ஏதோ தூங்கி எழுந்த ஆளைப் பற்றி, விடுங்கள் என்று காட்டினார். சிப்பாய்கள் சிரித்தார்கள். ஆபீசருக்கும் வாய் கோணியது. இரண்டாவது தரமும் வழி திறந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும்.

"தூக்கம் இல்லை, துவான்" என்றார் என் வீட்டுக்காரர். "செத்தார். மெய்யாகவே செத்தார்."

தூக்கம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் எனக்கும் புரிந்தது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் நாங்கள் வைத்தது தூக்கம் இல்லை. நான் தொட்டுப் பார்த்தவள்.

சிரிப்பு நின்றுபோனது. ஆபீசர் நெருங்கி வந்து, அப்படியானால் இப்போது அவன் எங்கே என்று கேட்டான். என் வீட்டுக்காரர் பாதையைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். பிறகு காலடியைப் பார்த்து, "சினி" என்றார். இங்கே.

ஆபீசர் உண்மையாகவே ஒரு தரம் சுற்றிப் பார்த்தான். சாக்கு கட்டின நாங்கள்தான் நின்றோம். பிறகு அறைந்தான். கீழே விழுந்தவரை எழுப்பி, ஒரு மரக்கட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னான். பொழுது இறங்கும்வரை நின்றார். கை இறங்கும்போதெல்லாம் சிப்பாய் முழங்காலில் அடித்தான்.

அன்று மாலை, வீங்கின முகத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏன் இங்கன்னு சொன்னீங்க?"

"மேலன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். அப்புறம் பிளேன்ல ஒளிஞ்சிருக்காருன்னு அவன் அதுக்கு வேற அடிப்பான்."

சிரிக்கப் பார்த்தார், உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைக்குப் பிறகு முதல் தரம். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் அந்த வெந்நீர்ச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு அழுதோம்.

"ஆனா பொய் சொல்லல புள்ள," என்றார் பிறகு. "அங்க நிக்கிறப்ப, இங்க இல்லாம வேற எங்க இருப்பாருன்னு எனக்குத் தோணுச்சு."

அடுத்த ஆள் எடுப்பில் அவரைச் சயாமுக்கு அனுப்பினார்கள். பெரட்டில் பேசாமல் இருந்திருந்தாலும் அனுப்பியிருப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள், கல்யாணமான ஆட்களையும் விடாமல்தானே எடுத்தான் என்றார்கள். இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

ஸ்டேஷனில் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். கதவு மூடுமுன் அவர் என்னிடம், "அடுத்த கதவுதட்டுக்கு உள்ளேருந்து பதில் வரணும்" என்றார்.

"நீங்க வந்து தட்டுங்க. சொல்றேன்" என்றேன்.

அவர் வந்து தட்டவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுத்து வைத்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஒருவர் எங்கள் எஸ்டேட்டைத் தேடிக்கொண்டு வந்தார். முகாமில் காலரா வந்தபோது செத்தவர்களைத் தொட ஆள் இல்லை, உங்கள் வீட்டுக்காரர்தான் தூக்கிப்போய்ப் புதைப்பார், இந்து முஸ்லிம் பார்க்கமாட்டார், எல்லாரையும் ஒரே மாதிரி கிழக்கே கால் வைத்துத்தான் படுக்கவைப்பார் என்று சொன்னார். ஏன் அப்படி என்று கேட்டவர்களுக்கு, எழும்போது வசதியாக இருக்கும் என்பாராம். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. அவரை எந்தப் பக்கம் கால் வைத்துப் புதைத்தார்கள் என்று கேட்டேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது அங்கே ஒவ்வொருவருக்கும் தனிக் குழி வெட்டத் தெம்புள்ள ஆள் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தியது. அடுத்த கதவுதட்டு. அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாத காலம்.

அந்த வருஷம் ஆம்பிளைகள் இல்லை. போகாமல் மிஞ்சினவர்கள் காய்ச்சலில் கிடந்தார்கள். பெண்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். என் வீட்டுக் கதவை இன்னொருவர் தட்டி நான் கேட்க முடியாது என்று தோன்றியதால், யாரும் வருமுன்பே நான் கிளம்பி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் படி இறங்கினார்.

"எந்த வீடு முதல்ல?" என்றாள் கூட வந்தவர்களில் ஒருத்தி. வேதக்கார வீடுகளில் அந்த வருஷம் சாவு என்று சேதி வந்த வீடு ஏதுமில்லை. சயாம் போனவர்கள் இருந்தார்கள், சேதி இல்லை.

"மண்டோர் வீடு" என்றேன்.

அவர்களுடைய மகனையும் பிறகு ஒரு எடுப்பில் கொண்டுபோயிருந்தார்கள். மண்டோர் ஆபீசில் போய்க் காலில் விழுந்தும் விடவில்லை. வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டான் என்று, தப்பி ஓடிவந்த ஒருவன் சொல்லியிருந்தான். அதிலிருந்து மண்டோர் பெண்டாட்டி வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. பகலெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து என்னால் அந்த வீட்டைத் தாண்டிப் போக முடியவில்லை. அது எனக்குத் தெரிந்த கட்டில்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது வேதக்கார வீடு இல்ல. அது போகட்டும், அந்த ஆளு வீடா? உன் புருசனைக் கொண்டுபோய்க் குடுத்தவன் வீடா?"

"சாவு வீடுன்னுதானே அக்கா சட்டம்? வேதக்காரச் சாவு வீடுன்னு நம்ம சொன்னமா?"

"நான் தட்டமாட்டேன்."

"நான் தட்டுறேன்."

"தட்டு. மறுபடியும் போய் ஆபீஸ்ல சொல்லட்டும். இந்தத் தடவை பொம்பளைங்க எல்லாம் கட்டையைத் தூக்கிக்கிட்டு நிப்போம்." சொன்னாரே தவிர, என்னோடுதான் நடந்து வந்தார்.

மண்டோர் வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே விளக்கு இல்லை. ஆனால் தூங்கவில்லை என்று தெரிந்தது, கட்டில் பலகை முனகியது. கையைத் தூக்கித் தட்டினேன். வாயைத் திறந்தேன். 'நம்ம' என்ற வார்த்தை தொண்டையில் நின்றது. நம்ம ராஜா என்று சொல்ல வேண்டும். உன் ராஜா, என் ராஜா என்று சொல்ல முடியாது. அந்த வீட்டையும் அதற்குள் சேர்த்தால்தான் அந்த வார்த்தை வெளியே வரும். அக்கா பின்னால் மூச்சு விடுவது கேட்டது.

"நம்ம ராஜா எழுந்துட்டாரு" என்றேன். என் புருசன் குரல் மாதிரிதான் வந்தது. கோழி திரும்பிப் பார்த்திருக்காது.

உள்ளே சத்தம் இல்லை. அவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள், என்ன பதில் என்றே தெரியாதே. தட்டினவர்களே அந்த வீட்டுக்காகப் பதிலையும் சொல்ல வேண்டும். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா தாடையை இறுக்கிக்கொண்டு நின்றார். கண்ணில் நீர், ஆனால் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். ஆக, அது என் தலையில் விழுந்தது.

போன வருஷம் என் வீட்டுக்குள்ளிருந்து வராத பதில். அவர் வந்து தட்டினால் சொல்கிறேன் என்று நான் வைத்திருந்த பதில். அதை எடுத்து மண்டோர் வீட்டுக்காகச் சொன்னேன்.

"மெய்யாத்தான் எழுந்துட்டாரு."

சொன்னதும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வானம் திறக்கவில்லை. கால் குளிர்ந்தது. நகரலாம் என்று திரும்பும்போது தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு கொஞ்சம் திறந்தது. மண்டோர் பெண்டாட்டி நின்றாள், அவளுக்குப் பின்னால் இருட்டில் மண்டோர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சொன்ன? செத்தவுங்க யாரோ எழுந்துட்டாங்கன்னா?"

"ஆமாக்கா."

"மெய்யாலுமா?"

"மெய்யாத்தான்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஆபீசர் பார்த்த மாதிரியேதான், நம்பவும் இல்லை, விடவும் இல்லை.

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

அண்ணாந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"இங்கதாங்கா" என்றேன்.

அவள் எங்களோடு வரவில்லை. நாங்கள் மற்ற வீடுகளைத் தட்டிவிட்டு, எல்லாரும் சேர்ந்து, ஜப்பான் நேரத்துக்கு விடிந்து உண்மையில் விடியாத அந்த இருட்டில் கல்லறைகளுக்குப் போகத் திரும்பி வந்தோம். அப்போதும் அந்த வீட்டுக் கதவு மூடாமல் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். கல்லறையில் பாடும் பாட்டை அங்கேயே, அந்த வாசலுக்கு நேராக, தன் முழுக் குரலில் தொடங்கினார்.